ஒன்று இரண்டாகும் அற்புதம்



"பிள்ளைக்குக் காய்ச்சல் நின்றுவிட்டது, முகம் தெளிந்துவிட்டது. இன்னும் ஏன் இரண்டு, மூன்று வருஷம் மருந்து?" இரத்தப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் குழந்தைகளின் பெற்றோர் கேட்கும் கேள்வி இது. இக்குடும்பங்களுக்காகக் காணிக்கை அனுப்பும் உங்களுக்கும் இது தோன்றியிருக்கலாம். நம் உடலின் உயிரணு இரண்டாகப் பிரியும் விதத்தை அறிந்தால் இதற்கு விடை கிடைக்கும்.

உடலில் ஓயாத வேலை

தாயின் கருவில் நாம் ஒவ்வொருவரும் ஒரே ஓர் உயிரணுவாகத் தொடங்கினோம். அது இரண்டாகி, நான்காகி, எட்டாகி இந்தச் சரீரம் உருவானது. வளர்ச்சி முடிந்த பின்பும் வேலை ஓயவில்லை. தேயும் தோல் புதிதாகிறது, வெட்டுக்காயம் ஆறுகிறது. எலும்பு மஜ்ஜையிலுள்ள தாய் அணுக்கள் பிரிந்துகொண்டே இருப்பதால், நொடிக்கு ஏறக்குறைய 20 லட்சம் சிவப்பணுக்கள் புதிதாக இரத்தத்தில் சேருகின்றன. சிருஷ்டிகரின் ஞானத்தை என்னவென்று சொல்வது!

ஜெர்மானிய விஞ்ஞானி வால்தர் பிளெமிங் இப்பிரிவை நுண்ணோக்கியில் கண்டு, 1882-ல் விரிவான நூலாக வெளியிட்டார். சாலமாண்டர் என்னும் பல்லி போன்ற பிராணியின் உயிரணுக்களுக்குச் சாயமேற்றியபோது, உட்கருவில் நூல் போன்ற உருவங்கள் தெரிந்தன. ஆகவே, நூலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து இதற்கு 'மைட்டாசிஸ்' என்று பெயரிட்டார். அந்த நூல்களே குரோமோசோம்கள். மனித உயிரணுவில் அவை 46 என்பது 1956-ல்தான் சரியாக எண்ணி அறியப்பட்டது.

பிரிவின் நான்கு படிகள்

பிரிவதற்கு முன்பே உயிரணு தன் 46 குரோமோசோம்களையும் ஒன்று விடாமல் படியெடுத்து வைத்துக்கொள்கிறது. அதன் பின்:

1. புரோபேஸ்: குரோமோசோம்கள் சுருண்டு தடிக்கின்றன. ஒவ்வொன்றும் தன் படியுடன் ஒட்டியே இருக்கும்.

2. மெட்டாபேஸ்: உயிரணுவின் இரு முனைகளிலிருந்தும் மெல்லிய கதிர்க்கோல் இழைகள் நீண்டு குரோமோசோம்களைப் பிடிக்கின்றன. அவை நடுவில் வரிசையாக நிற்கின்றன.

3. அனாபேஸ்: ஒட்டியிருந்த படிகள் பிரிந்து, இழைகளால் எதிரெதிர் முனைகளுக்கு இழுக்கப்படுகின்றன.

4. டீலோபேஸ்: இரு முனைகளிலும் புதிய உட்கரு உண்டாகிறது. உயிரணு நடுவில் இறுகி இரண்டாகிறது. இரண்டிலும் அதே 46 குரோமோசோம்கள்.

வேகமாகப் பெருகும் மனித உயிரணு ஒரு முறை இரண்டாவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் ஆகிறது. அதில் இந்த நான்கு படிகளும் முடிய ஒரு மணி நேரமே போதும். மீதி நேரமெல்லாம் வளர்வதும் படியெடுப்பதும்தான். இதை நினைவில் வையுங்கள்.

கட்டளை மீறும் அணுக்கள்

நல்ல உயிரணுவுக்கு எப்போது பிரியவேண்டும், எப்போது நிற்கவேண்டும் என்ற கட்டளை உண்டு. புற்றுநோய் அணு அந்தக் கட்டளையை மீறிப் பெருகுகிறது. ஓர் அணு 40 முறை இரட்டித்தால் ஒரு லட்சம் கோடியைத் தாண்டிவிடும். குழந்தைகளுக்கு அதிகமாக வரும் 'அக்யூட் லிம்போபிளாஸ்டிக் லுக்கீமியா' கண்டுபிடிக்கப்படும் வேளையில், உடலில் ஏறக்குறைய அத்தனை நோய் அணுக்கள் இருக்கக்கூடும்.

இந்நோய்க்கு ஆண்டவர் ஓர் எளிய செடியில் உதவி வைத்திருந்தார். கல்லறைத் தோட்டங்களில் தானாக முளைப்பதால் நம் ஜனங்கள் கல்லறைப் பூ என்றும் அழைக்கும் நித்தியகல்யாணியே அது. மடகாஸ்கர் அதன் தாயகம். அதன் இலையிலிருந்து பெறப்படும் 'வின்கிரிஸ்டின்' 1963-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. பல நூறு கிலோ உலர்ந்த இலையிலிருந்து ஒரு கிராம் மருந்து எடுப்பதே அரிது. (இலையை வீட்டில் கஷாயமிட்டுக் குடிப்பது ஆபத்து. யாரும் முயலவேண்டாம்.)

இம்மருந்து கதிர்க்கோல் இழைகள் உருவாகாமல் தடுக்கிறது. குரோமோசோம்களை இழுக்க இழை இல்லாததால் நோய் அணு இரண்டாம் படியிலேயே நின்று மடிகிறது. ஆனால் அந்த ஒரு மணி நேரப் பிரிவில் இருக்கும் அணுக்கள்தான் இதில் முக்கியமாகச் சிக்கும். மற்றவை தப்பிவிடும். ஆகவே முதல் மாதத்தில் வாரந்தோறும் ஊசி போடப்படுகிறது. படியெடுக்கும் வேளையில் தாக்கும் மெத்தோட்ரெக்ஸேட், மெர்காப்டோப்யூரின் போன்ற மருந்துகளும் சேர்ந்து தரப்படுகின்றன. வேகமாகப் பிரியும் நல்ல அணுக்களையும் இம்மருந்துகள் தாக்குவதால் முடி உதிர்கிறது, வாயில் புண் வருகிறது, இரத்த அணுக்கள் குறைகின்றன. இவை பெரும்பாலும் பின்பு சரியாகிவிடும்.

பாதியில் நிறுத்தினால்?

ஒரு லட்சம் கோடியில் நூற்றுக்கு 99 அணுக்கள் அழிந்தாலும் 1,000 கோடி மீந்திருக்கும். பிள்ளை ஓடி விளையாடும்; பெற்றோர் சுகமாகிவிட்டது என்று எண்ணுவார்கள். ஆனால் மீந்தவை ஏழு முறை இரட்டித்தால் போதும், பழைய அளவைத் தாண்டிவிடும். திரும்பி வரும் நோயை அடக்குவது மிகக் கடினம். இரண்டு, மூன்று வருஷச் சிகிச்சை, ஒளிந்திருக்கும் கடைசி அணுக்களுக்காகவே.

1950-களில் இந்நோய் வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் சில மாதங்களில் மரித்தார்கள். இன்று முழுச் சிகிச்சை கிடைக்கும் வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் பிழைக்கிறார்கள். நம் நாட்டில் ஏழைக் குடும்பங்கள் பாதியில் நின்றுபோவதற்கு மருந்துச் செலவு மட்டும் காரணமல்ல. பஸ் கட்டணம், தங்க இடம், இழக்கும் கூலி, வீட்டில் விட்டுவந்த மற்றப் பிள்ளைகள் என்று பாரங்கள் பல. பிள்ளை படுக்கையில் கிடக்கும்போது உதவ அநேகர் முன்வருவார்கள். அது பள்ளிக்கூடம் போகத் தொடங்கிய பின்பும் கைவிடாமல் தாங்குகிறவர்கள் சிலரே. பிரியமானவர்களே, உங்கள் காணிக்கை அந்தக் கடைசி மாதம்வரை சென்று சேர வேண்டியது.

ஜெபக் குறிப்புகள்

1. சிகிச்சையிலிருக்கும் பிள்ளைகள் தொற்றுநோய்க்குத் தப்பிக் காக்கப்பட.

2. பெற்றோர் சோர்ந்துபோகாமல் சிகிச்சையை முழுவதும் முடிக்க.

3. நீண்ட நாள் பராமரிக்கும் மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும் பொறுமையும் பெலனும் கிடைக்க.