தண்ணீருக்கும் வில்லங்கம் பார்ப்போம்!
திருவள்ளூர் மாவட்டம்: ஒரு நீர்ப் பாடம்

நிலம் வாங்குறதுக்கு முன்னால 30 வருஷத்துக்கு வில்லங்கம் போட்டுப் பார்க்கிறோம். பட்டா, சிட்டா, அ-பதிவேடு, புலப்படம் எல்லாம் சரிபார்க்கிறோம். வங்கியில் விவசாயக் கடன் மனுக்களைப் பார்த்த காலத்தில் நானும் இவற்றைத்தான் கேட்பேன். ஆனால் அந்த நிலத்துக்குத் தண்ணீர் எங்கிருந்து வருது, எங்கே போய் முடியுது என்று கேட்கிற படிவம் எந்த ஆபீஸிலும் கிடையாது. இயற்கை விவசாயத்துக்கு வர நினைக்கிற தம்பி தங்கைகள் அதைத்தான் முதலில் கேட்கணும். நம்ம திருவள்ளூர் மாவட்டத்தை வைத்தே படிப்போம்.

கோடு மாறும், ஓட்டம் மாறாது

நம்ம மாவட்டத்துக்கு வயசு குறைவு. 1997 ஜூலை 1 அன்று பழைய செங்கல்பட்டு மாவட்டத்தைப் பிரித்து உண்டாக்கியது. அதற்கு முன்னால் தொண்டை மண்டலம், பிறகு ஆற்காடு நவாப், 1763-ல் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கிடைத்த ஜாகீர் என்று பல கை மாறிய பூமி. 1960 ஏப்ரல் 1 அன்று திருத்தணி ஆந்திராவிலிருந்து நம்மிடம் வந்தது. பொன்னேரி, திருவள்ளூர் வட்டங்களில் இருந்த சத்தியவேடு பக்கத்து ஊர்கள் ஆந்திராவுக்குப் போயின.

கோடு மாறினாலும் ஆரணியாறு பழைய வழியில்தான் வருகிறது. ஆந்திர மலைகளில் பிறந்து, பிச்சாட்டூர் அணையைத் தாண்டி, ஊத்துக்கோட்டை, பெரியபாளையம், பொன்னேரி வழியாகப் பழவேற்காட்டுக்கு ஓடுகிறது. மழைக்காலத்தில் பிச்சாட்டூரில் தண்ணீர் திறந்தால் நம்ம ஆற்றங்கரை ஊர்களுக்கு எச்சரிக்கை வரும். ஆக, கிணற்றின் கதை அடுத்த மாநிலத்தில்கூடத் தொடங்கலாம். உங்கள் வட்டம் எது என்பதைவிட, உங்கள் நிலம் எந்த ஆற்றுப் படுகையில் இருக்கு என்பதுதான் முக்கியம்.

மூன்று பட்டைகள்

மேற்கிலிருந்து கிழக்கே போனால் நிலம் மூன்று பட்டையாக மாறும். மேற்கே மலையடிவாரம், செம்மண், சரளை. மழை இறங்கும், ஆனால் அதிக நாள் நிற்காது. நடுவில் ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து போட்ட வண்டலும் மணலும். நிலத்தடி நீருக்குப் பேர்போன இடம். கொசஸ்தலையாற்றுப் படுகையில் இருக்கும் அதிரம்பாக்கத்தில் சுமார் 15 லட்சம் ஆண்டுகளுக்கு முந்தைய கல் கருவிகள் கிடைத்திருக்கின்றன. அப்போதிருந்தே மனிதர்கள் புழங்கிய படுகை இது. மூன்றாவது, கிழக்கே கடலோர மணலும் உவர் நிலமும். டச்சுக்காரர்கள் 1613-ல் கோட்டை கட்டிய பழவேற்காடு அங்கேதான்.

ஏரிக்கு ஒதுக்கிய பங்கு

மாவட்டத்தில் ஆண்டு மழை சுமார் 1,100 மில்லிமீட்டர். பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடும். அதைப் பிடித்து வைத்தால்தான் நவரை, சொர்ணவாரி எல்லாம். அதனால்தான் முன்னோர்கள் சங்கிலி போல ஏரிகளை அமைத்தார்கள். மேல் ஏரியின் கலங்கலில் வழிவது கீழ் ஏரிக்கு வரத்து.

இதைப் பராமரித்தது யார்? 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற ஆங்கிலேயப் பொறியாளர் செங்கல்பட்டு ஜாகீர் ஊர்களைக் கணக்கெடுத்தார். அந்தப் பழைய கணக்குகளைக் காந்தியச் சிந்தனையாளர் தரம்பால் பின்னாளில் தேடி எடுத்து வெளிக்கொண்டு வந்தார். விளைச்சலைப் பங்கு பிரிக்கும் முன்பே கோயில், கணக்கர், தச்சர் போன்றோருக்கு ஒதுக்கியதைப் போல ஏரிக்கும் ஒரு பங்கு ஒதுக்கினார்கள் என்று அவை காட்டுகின்றன. கம்பெனி வரிவசூலைத் தன் கையில் எடுத்த பிறகு அந்த ஏற்பாடு குலைந்தது. ஏரி சர்க்கார் சொத்து ஆனது, ஊரார் மனு எழுதுபவர்கள் ஆனோம்.

ஏரியின் வேலையும் மாறிவருகிறது. கும்மிடிப்பூண்டி வட்டத்தில் கண்ணன்கோட்டை, தேர்வாய்கண்டிகை ஏரிகளை இணைத்து 2020 நவம்பரில் நீர்த்தேக்கம் திறந்தார்கள். அது சென்னையின் குடிநீருக்கு. நகரத்துக்கும் தாகம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஒரு ஏரியின் பயன் மாறும்போது, அதன் கீழ் ஆயக்கட்டும் சுற்றுக் கிணறுகளும் என்ன ஆகும் என்ற கணக்கையும் நாம் கேட்க வேண்டும்.

மீஞ்சூர் சொல்லும் பாடம்

1960களில் தொடங்கி மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் பகுதிகளில் நீர்க்களங்கள் அமைத்துச் சென்னைக்கும் தொழிற்சாலைகளுக்கும் நிலத்தடி நீரை எடுத்தார்கள். விவசாயக் கிணறுகளும் ஓடின. 1960களின் கடைசியிலேயே மீஞ்சூர் பக்கம் கடல்நீர் உள்ளே வருவது தெரிந்தது. பிறகு அது பல கிலோமீட்டர் உள்ளே நகர்ந்தது.

காரணம் எளிது. கடலோர மணலில் கடல் மட்டத்துக்கு மேல் 1 அடி நல்ல தண்ணீர் நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே சுமார் 40 அடி வரை அது உப்பு நீரைத் தள்ளி நிறுத்தும். மேலே 1 அடி குறைந்தால் கீழிருந்து உப்பு அத்தனை ஏறும். நுழைந்த உப்பை வெளியேற்ற நல்ல மழையும் நிறைந்த ஏரியும் பல வருஷம் வேண்டும். ஜீவாமிர்தம் ஊற்றி உப்புத் தண்ணீரை நல்ல தண்ணீராக்க முடியாதுங்க.

இரண்டு ஈ.சி.

பத்திர ஆபீஸில் ஈ.சி. என்றால் வில்லங்கச் சான்று. நீர்ப் பரிசோதனையில் ஈ.சி. என்றால் மின்கடத்தும் திறன், அதாவது உப்பின் அளவு. நிலத்துக்கு இரண்டும் வேண்டும். டெசிசீமென்ஸ் கணக்கில் 0.7-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை. 2 வரை நெல் தாங்கும். அவரை, பீன்ஸ் வகைகள் தாங்காது. 3-ஐத் தாண்டினால் பயிர்த் தேர்வில் மிகுந்த கவனம் தேவை. உவர் நிலத்துக்குக் குழியடிச்சான், களர்பாளை போன்ற நம் பாரம்பரிய நெல் ரகங்கள் இருக்கின்றன. சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளுக்கு அருகில் இருப்பவர்கள் ஈ.சி.யோடு நிற்காமல் கன உலோகப் பரிசோதனையும் செய்துகொள்வது நல்லது.

செய்து பாருங்கள்

1. உங்கள் நிலம் எந்த ஏரியின் ஆயக்கட்டு? மதகு எது? அ-பதிவேட்டிலும் கிராமப் புலப்படத்திலும் தேடுங்கள்.
2. அந்த ஏரிக்கு மேல் ஏரி எது, கீழ் ஏரி எது? வரத்துக் கால்வாயை ஒருமுறை முழுசா நடந்து பாருங்கள். அடைபட்ட இடங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்.
3. சித்திரையிலும் தை மாதத்திலும் கிணற்று நீர்மட்டத்தையும் ஈ.சி.யையும் அளந்து நோட்டில் எழுதுங்கள். மூன்று வருஷக் கணக்கு சேர்ந்தால் போக்கு தெரியும்.
4. கோடையில் வட்டாட்சியர் அனுமதி வாங்கி ஏரி வண்டலை நிலத்துக்கு அடியுங்கள். மண்ணுக்கும் நல்லது, ஏரிக்கும் நல்லது.

இந்தக் கணக்கை நிலத்துக்காரர் ஒருத்தர் மட்டும் எழுதினால் அது அவர் வீட்டு நோட்டு. ஒரே ஏரியின் கீழ் இருக்கும் 20 பேர் எழுதினால், கிராம சபையில் வைத்துப் பேசக்கூடிய ஆவணம். அடுத்த கூட்டத்துக்கு உங்கள் ஏரியின் கணக்கோடு வாங்க.