கிணற்று நீரும் அதிற் கலப்பனவும்

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வற்றாத ஆறுகள் இல்லை. வெங்காயம், மிளகாய், புகையிலை ஆகிய பயிர்களுக்கு இறைப்பது பெரும்பாலும் கிணற்று நீரே. மாரிமழை நீர் மண்ணினூடாக இறங்கிச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளிலும் பொந்துகளிலும் தங்குகின்றது. மண்ணிலிருந்து கரைந்தனவும் அதனோடு இறங்கும்.

நைத்திரேற்று

மண்ணில் இடப்படும் யூரியா முதலில் அமோனியமாகவும் பின்னர் நைத்திரேற்றாகவும் மாறுகின்றது. அமோனியத்தைக் களிமண் துணிக்கைகள் பற்றிக்கொள்ளும், நைத்திரேற்றைப் பற்றுவதில்லை. வேர்கள் எடுத்தது போக எஞ்சியது இறைப்பு நீரோடும் மழையோடும் கீழிறங்கும். எருக்குவியலிலும் மலக்குழியிலும் இருந்து வருவதற்கும் இதுவே வழி. வெடிப்புகளில் நீர் விரைந்தோடுவதால், ஒரு தோட்டத்தில் இட்டது அயற்கிணற்றிலும் தோன்றலாம்.

குடிநீரில் நைத்திரேற்று 1 லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேற்படலாகாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். இதனின் மிகுந்த நீரிற் பால்மாக் கரைத்துக் கொடுத்தால், இளங்குழந்தையின் குருதி பிராணவாயுவைச் சுமக்கும் ஆற்றல் குன்றி, உடல் நீலம்பாரித்தல் கூடும். நீரைக் கொதிக்க வைத்தல் இதற்குப் பரிகாரமன்று. நீர் ஆவியாக, எஞ்சியதில் நைத்திரேற்றுச் செறிவடையும்.

உப்பு

கடல்நீர் நன்னீரிலும் பாரமானது. ஆதலால் நிலத்தடியில் நன்னீர் உவர்நீரின்மேல் மிதக்கின்றது. கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி நன்னீர் நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழ் ஏறக்குறைய 40 அடி நன்னீர் உண்டு. வடகடற் தீவுகளின் கிணறுகளைக் கொண்டு ஹேர்ஸ்பேர்க் என்பார் 1901 இல் இதனை விளக்கினார். நீர்மட்டம் 1 அடி தாழ்ந்து நிலைக்குமாயின், உவர்நீர் 40 அடி மேலெழ முற்படும். யந்திரத்தால் நெடுநேரம் இறைக்கப்படும் கிணறு உவராவது இதனாலேயே. அவ்வாறு கலந்த உப்பு ஒரு மழையில் நீங்காது.

கமக்காரர் செய்யத்தக்கன

1. பசளையை ஒரே தடவையில் இடாது, பயிரின் வளர்ச்சிக்கேற்பப் பிரித்து இடுதல் வேண்டும்.
2. பெருமழை வரும் வேளையில் யூரியா இடலாகாது. இட்டபின் மிகையாக இறைக்கவும் கூடாது.
3. எருக்குவியலும் மலக்குழியும் கிணற்றுக்குத் தொலைவில் இருத்தல் வேண்டும்.
4. விட்டுவிட்டு இறைத்து, நீர் ஊற இடமளித்தல் வேண்டும்.
5. உவர் அண்மையிலுள்ள கிணற்றை மேலும் ஆழமாக்கலாகாது.
6. மாரிநீர் கடலுக்கு ஓடாவண்ணம் வரம்பு கட்டியும் குளங்களைத் தூரெடுத்தும் தேக்குதல் வேண்டும்.

கிணற்று நீரை மாரிக்கு முன்னும் பின்னும் சோதிப்பித்தல் நன்று. குழந்தையுள்ள வீட்டில் இதனைத் தவறாது செய்தல் வேண்டும்.