வேப்பும் சில வீண் நம்பிக்கைகளும்

வடக்கே மூடா நதியைக் கடந்தால் கெடா மாநிலம், சுற்றிலும் நெல்வயல், பெர்தாம் பக்கம் நாளுக்கு நாள் பெருகும் குடியிருப்புகள் என்று அமைதியாகக் காலந்தள்ளி வந்த கெப்பாலா பத்தாஸிலும், கைவிரல் நீளமுள்ள ஒரு வர்ணக் குழல் இடைநிலைப்பள்ளி மாணவர்களின் புத்தகப்பைக்குள் புகுந்துவிட்டது. மாம்பழம், தர்ப்பூசணி, குளிர்ந்த திராட்சை என்று வாசனை காட்டி, திரவம் தீர்ந்ததும் குப்பையில் எறிந்துவிடத்தக்கதாகச் செய்யப்பட்ட இந்த வேப்பைப் பற்றி ஜனங்களிடையே உலவும் அபிப்பிராயங்களில் பாதி வியாபாரிகள் பரப்பியவை. மறுபாதி, நல்லெண்ணம் கொண்டவர்களே பயமுறுத்துவதற்காகப் பெரிதுபடுத்தியவை.

கடையில் பகிரங்கமாக விற்கிறார்கள், அரசாங்கமும் வரி வாங்குகிறது, கெடுதலான வஸ்துவாயின் விட்டுவைப்பார்களா என்பது பெரியவர்கள் வாயிலும் அடிக்கடி கேட்கும் வாதம். மலேசியாவின் 1952ஆம் ஆண்டு நச்சுப் பொருள் சட்டப் பட்டியலில் இருந்தவரையில், வேப் திரவத்தில் கலக்கும் நிக்கோட்டினை டாக்டரும் பதிவு பெற்ற மருந்தாளரும் தவிர வேறெவரும் விற்பது குற்றமாக இருந்தது. சட்டம் ஏட்டில் இருக்க, வியாபாரம் வீதியில் நடந்தது என்பது வேறு விஷயம். 2023 மார்ச் 31ஆம் தேதி, வரி விதிக்கும் பொருட்டு, அந்தப் பட்டியலிலிருந்து அதற்கு விலக்கு அளிக்கப்பட்டது. மறுநாளே மில்லிலிட்டருக்கு 40 காசு வரி அமலுக்கு வந்தது. ஓர் இரவுக்குள் நிக்கோட்டினின் குணம் மாறிவிடவில்லை. கஜானாவின் கணக்குத்தான் மாறியது. அதைவிட விபரீதம், விலக்கு வந்த நாள் முதல் 2024 செப்டம்பர் முடியும்வரை, பதினெட்டு மாத காலம், நிக்கோட்டின் கலந்த வேப்பைப் பத்து வயதுக் குழந்தைக்கு விற்றாலும் அந்த வயதைக் காரணம் காட்டித் தண்டிக்கத்தக்க சட்டம் இந்நாட்டில் இல்லாமல் போயிற்று. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் போன்ற அமைப்புகள் பூரணத் தடை கோரி ஓயாமல் குரல் எழுப்பியதன் நியாயம் இதிலிருந்தே விளங்கும்.

இப்போது நிலைமை அப்படியன்று. 2023 நவம்பரில் மக்களவை நிறைவேற்றி, 2024 அக்டோபர் 1ஆம் தேதி அமலுக்கு வந்த புகைப்பொருள் கட்டுப்பாட்டுக்கான 852ஆம் சட்டம், வேப்பையும் சிகரெட்டோடு ஒரே பந்தியில் உட்கார வைத்திருக்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவருக்கு விற்பது குற்றம். இணையத்தில் விற்பதும் தானியங்கி இயந்திரத்தில் விற்பதும் குற்றம். பலர் அறியாத விஷயம், அந்தப் பிராயத்துக்குட்பட்ட பிள்ளை வேப்பை வாங்குவதும் இழுப்பதுமே குற்றம் என்பதுதான். உணவுக்கடையில் சிகரெட்டுக்குத்தான் தடை, வேப்புக்கு இல்லை என்று மாமாக் கடை மேஜையில் உட்கார்ந்து புகை விடும் வாலிபரின் எண்ணமும் பிழையானதே. 2007ஆம் ஆண்டு முதல் பிறந்தவர்களுக்கு எக்காலத்திலும் விற்கலாகாது என்று, கைரி ஜமாலுடின் சுகாதார அமைச்சராக இருந்தபோது 2022இல் கொண்டுவந்த யோசனை மட்டும் இச்சட்டத்தில் இடம்பெறவில்லை. அது கைவிடப்பட்டது நமக்கு நஷ்டம் என்பதே என் அபிப்பிராயம்.

வியாபாரத்துக்கு உரிமம் தருவது ஊராட்சி மன்றங்களானபடியால், நியதி மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கிளந்தான் 2015இலும், ஜொகூர் 2016இலும், திரெங்கானுவும் பெர்லிஸும் 2025 ஆகஸ்ட் 1ஆம் தேதி முதலும் விற்பனையைத் தடுத்துவிட்டன. எல்லை தாண்டிப் போகிறவர்களுக்கோ ஆபத்து இன்னும் அதிகம். சிங்கப்பூரில் 2018 முதல் வேப்பைக் கையில் வைத்திருப்பதே குற்றம்; ஹாட்ஜாய்க்குச் சந்தோஷமாகப் புறப்படுவோர் தாய்லாந்து அதன் இறக்குமதியை 2014லிருந்தே தடுத்திருப்பதை மறக்கிறார்கள். குலதெய்வ வழிபாட்டுக்காகத் தமிழ்நாடு செல்லும் குடும்பங்களும் கவனிக்க வேண்டும்: இந்தியாவின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இறக்குமதி, விற்பனை, விளம்பரம் யாவற்றையும் தடுத்து, முதல் குற்றத்துக்கே ஓராண்டு வரை சிறையோ ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ இரண்டுமோ விதிக்க இடம் தருகிறது. இங்கே வாங்கியதற்கான ரசீது அங்கே எந்தச் சுங்க அதிகாரியிடமும் செல்லாது.

தேகத்தைப் பற்றிய நம்பிக்கைகளில் தலையாயது, புகையிலை இல்லை, வெறும் நீராவிதான் என்பது. புகையிலை இல்லை என்பது மெய்; நீராவி என்பது பொய். குழலுக்குள் ஒரு கம்பிச்சுருள் சூடேறும்போது, புரொப்பிலீன் கிளைக்கால், கிளிசரின், வாசனைத் திரவியங்கள், நிக்கோட்டின் ஆகியவை நுண்துளிகளாகிச் சுவாசகோசத்தின் அடிவரை செல்கின்றன. சூடு அதிகமானால் பார்மால்டிஹைடும் உண்டாகிறது. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தார் 2025இல் வெளியிட்ட ஆய்வு, இப்படி எறிந்துவிடும் ரகங்கள் சிலவற்றின் ஆவியில் ஈயமும் நிக்கலும் ஆன்டிமனியும் அபாயகரமான அளவில் இருக்கக் கண்டது.

நிக்கோட்டின் கணக்கை ஒவ்வொரு பெற்றோரும் ஒரு தடவையாவது போட்டுப் பார்க்க வேண்டும். உறையில் 5 சதவீதம் என்றிருந்தால் மில்லிலிட்டருக்கு 50 மில்லிகிராம். பத்து மில்லிலிட்டர் கொண்ட குழலில் 500 மில்லிகிராம். ஒரு சிகரெட்டிலிருந்து சரீரத்தில் சேர்வது ஏறக்குறைய ஒரு மில்லிகிராம்தான். ஒரு காலத்தில் முதல் சிகரெட்டின் காரமே பல பையன்களைத் துரத்திவிட்டது. இப்போது நிக்கோட்டினை அமிலத்தோடு சேர்த்து உப்பாக்கி விடுகிறபடியால் தொண்டை எரிவதில்லை, இருமலும் வருவதில்லை, ஆகவே போதும் என்று தடுக்கும் இயற்கையான காவல் நீங்கிவிடுகிறது. இருபத்தைந்து வயது வரை வளர்ந்துகொண்டிருக்கும் மூளை இந்தப் பழக்கத்தைச் சீக்கிரம் பற்றிக்கொள்ளும். 2022ஆம் ஆண்டுத் தேசிய சுகாதார ஆய்வின்படி, 13 முதல் 17 வயதினரில் 14.9 சதவீதத்தினர் வேப் இழுத்தார்கள். 2017இல் அது 9.8 சதவீதமாக இருந்தது.

சிகரெட்டைவிட 95 சதவீதம் கேடு குறைந்தது என்று பிரிட்டிஷ் அரசாங்கமே சொன்னதாகக் கடைக்காரர் எடுத்துக்காட்டுவார். இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறை 2015இல் அவ்வாறு சொன்னது உண்மையே. பல வருஷம் சிகரெட் பிடித்தவர் அதை அடியோடு விட்டு வேப்புக்கு மாறினால் கேடு குறையும் என்பதையும், சிலர் அவ்விதம் சிகரெட்டை விட்டிருக்கிறார்கள் என்பதையும் மறுப்பது நேர்மையாகாது. ஆனால் அந்த ஒப்பீடு புகைபிடிப்பவருக்கே உரியது. எதையும் பிடிக்காத பதினான்கு வயதுப் பெண்ணுக்கு ஒப்பிட வேண்டியது தூய காற்றைத்தான். எறிந்துவிடும் வேப்பின் விற்பனையை அதே பிரிட்டன் 2025 ஜூன் 1 முதல் தடை செய்துவிட்டது என்பதைக் கடைக்காரர் சேர்த்துச் சொல்வதில்லை.

வேப் இழுத்தால் 'பாப்கார்ன் நுரையீரல்' நோய் நிச்சயம் என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் எச்சரிக்கையோ எதிர்த்திசையில் தவறு. டயாசெட்டில் என்னும் வாசனைப் பொருளைச் சுவாசித்த அமெரிக்கப் பாப்கார்ன் தொழிற்சாலைத் தொழிலாளருக்கு அந்நோய் வந்தது. வேப்பால் வருவது நிச்சயம் என்பதற்கு ருசு இல்லை. 2020 பிப்ரவரி வரை அமெரிக்காவில் 2,807 பேரைப் பாதித்து 68 பேரை மாய்த்த நுரையீரல் நோயும் பெரும்பாலும் கஞ்சாச் சாரத்தோடு வைட்டமின் ஈ அசிட்டேட் கலந்த திரவங்களோடு சம்பந்தப்பட்டது. மிகைப்படுத்திச் சொன்ன ஒன்று பொய் என்று பையன் கண்டுகொண்டால், நாம் சொல்லும் மெய்யையும் நம்பமாட்டான்.

தீர்ந்த குழலுக்குள் லித்தியம் மின்கலம் இருக்கிறது. கொல்லையில் குப்பையோடு போட்டுக் கொளுத்தும் வழக்கமுள்ள வீடுகளில் அது வெடித்துத் தீப்பிடிக்கும். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுப்பதே முறை.

பிள்ளையின் பையில் இதைக் கண்டெடுக்கும் பெற்றோர் அடியையும் வசையையும் முதலில் எடுக்க வேண்டாம். எத்தனை நாளாய், காலையில் எழுந்ததும் தேடுகிறதா என்று நிதானமாய்க் கேளுங்கள். தேடுகிறது என்றால் அது பிடிவாதமன்று, நிக்கோட்டின் அடிமைத்தனம். அரசாங்கச் சுகாதார நிலையங்களில் நடக்கும் புகைப்பழக்க நிறுத்தச் சிகிச்சைப் பிரிவில் வேப் இழுப்பவர்களுக்கும் ஆலோசனை தருகிறார்கள். அங்கே அழைத்துப் போங்கள்.