மேல்மண்ணை அள்ளினால் போதாதா?

கேள்வி: மூடிய ஆலை நிலத்தில் மேல்மண்ணை அள்ளிப் போட்டால் போதாதா? மாசு வரைபடம் எதற்கு?
– வாசகர், நாகர்கோவில்

பதில்: போதாது. கொடைக்கானல் தெர்மாமீட்டர் ஆலை 2001இல் மூடப்பட்டது. அங்கே பயன்படுத்திய பாதரசம், சிந்திய இடத்தோடு நிற்கவில்லை. ஆவியாகிப் பரவியது, மழைநீரோடு பாம்பார் சோலைப் பக்கமும் இறங்கியது. இப்படிப்பட்ட நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஒரு சாண், முழம், அதற்கும் கீழே என்று தனித்தனியாக மண்ணெடுத்துச் சோதிக்க வேண்டும். அதுதான் மாசு வரைபடம். அது இருந்தால்தான் எங்கே தோண்டுவது, எந்த ஆழத்தில் நிறுத்துவது என்று தெரியும். கொடைக்கானலில் கிலோ மண்ணுக்கு 20 மில்லிகிராம் பாதரசம் இருக்கலாம் என்று எல்லை வைத்தார்கள். சோலையை ஒட்டிய நிலத்துக்கு அது மிக அதிகம் என்றே நினைக்கிறேன்.

நம் மணவாளக்குறிச்சியில் சிக்கல் வேறு. மோனசைட் மணலில் தோரியம் இயற்கையாகவே உண்டு. அதனால் எது இயற்கை, எது மாசு என்று பிரித்தறிய, யாரும் கைவைக்காத கரைமணலையும் முதலில் அளந்து வைத்துக்கொள்ள வேண்டும்.