சொட்டுகிற குழாயும் உன் கைப்பலமும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

பாத்ரூம் குழாய் சொட்டுகிறது, எவ்வளவு இறுக்கி மூடியும் நிற்கவில்லை, புதுசு வாங்கிவிடவா என்று கேட்டிருக்கிறாய். வாங்காதே. இறுக்கி மூடினாய் பார், அதுதான் முதல் தப்பு. உள்ளே ஒரு சின்ன ரப்பர் வாஷர் இருக்கிறது. தண்ணீர் வருகிற வாயில் உட்கார்ந்து அடைப்பது அதுதான். தேய்ந்துபோனதை முறுக்க முறுக்க இன்னும் நசுங்கிக் கிழியும். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய திண்டுக்கல் பூட்டின் ஊர்க்காரன் நீ. சாவி மக்கர் பண்ணினால் முறுக்கியா உடைப்பாய்?

"ஒரு சொட்டுதானே மாமா" என்பாய். நொடிக்கு ஒன்று என்றால் ஒரு நாளைக்கு 86,400 சொட்டு. மருந்துக் கணக்கில் 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தாலே நாலு லிட்டருக்கு மேல். நம்பாவிட்டால் ராத்திரி ஒரு பாத்திரத்தை அடியில் வைத்துப் பார்.

"போன வருஷம்தானே வாஷர் மாற்றினோம்?" மாற்றியிருப்பாய். திண்டுக்கல்லில் குடிக்க ஆத்தூர் காமராஜர் அணைத் தண்ணீரும் காவிரித் தண்ணீரும் வந்தாலும், குளிக்கவும் துவைக்கவும் பல வீடுகளில் போர்த் தண்ணீர்தான். பாறைக்குள்ளிருந்து வருகிற உப்புத் தண்ணீர். தோல் பதனிடும் ஷாப்புகள் இருக்கும் பக்கம் கேட்கவே வேண்டாம். உன் வீட்டு வாளியில் வெள்ளையாய்ப் படிகிறதே, அதே உப்பு குழாய்க்குள் வாஷர் உட்காரும் விளிம்பிலும் படிந்து ரப்பரை அறுக்கிறது.

சரி, ஸ்பானரை எடு. எடுத்ததும் குழாயில் கை வைக்காதே! முதலில் பாத்ரூமுக்குத் தண்ணீர் வருகிற கேட் வால்வை மூடு. இதை மறந்துவிட்டு, பீறிடுகிற தண்ணீரைக் கட்டை விரலால் அடைத்துக்கொண்டு வீட்டையே கூப்பிடுகிறவர்கள் நம் சொந்தத்திலேயே உண்டு. மூடியதும் குழாயைத் திறந்து, பைப்பில் நிற்கிற தண்ணீரை விடு. திறந்த நிலையிலேயே கழற்று. தரையில் தண்ணீர் போகும் ஓட்டையை ஒரு துணியால் மூடு. ஸ்க்ரூ விழுந்தால் அங்கேதான் போகும்.

கைப்பிடியை எடுத்தபின் தலைப்பக்கத்து நட்டைத் திருகுவாயே, அங்கேதான் உன் அவசரம் எனக்குப் பயம். ஒரு கை ஸ்பானரில் இருந்தால் மறு கை குழாயின் உடம்பை அசையாமல் பிடித்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் குழாயே மொத்தமாகச் சுற்றி, சுவருக்குள் இருக்கிற பிளாஸ்டிக் பைப் விரிசல் விடும். அப்புறம் டைல்ஸை உடைக்க வேண்டியதுதான். பளபளப்பு போகாமலிருக்க நட்டின்மேல் பழைய துணியைச் சுற்றிக்கொள்.

நட்டோடு வெளியே வருகிற தண்டுதான் ஸ்பிண்டில்; அதன் அடியில் இருக்கிற பழைய வாஷரைக் கடைக்குக் கையோடு கொண்டு போ. "அரை இஞ்ச்தான், எனக்குத் தெரியும்" என்று வெறுங்கையோடு போகாதே. புதுசைப் போடுவதற்கு முன் உள்ளே விரலை விட்டு விளிம்பைத் தடவிப் பார். சொரசொரவென்றிருந்தால் எலுமிச்சம்பழச் சாற்றில் நனைத்த துணியைக் கொஞ்ச நேரம் வைத்துத் தேய். குழி விழுந்திருந்தால்தான் புதுக்குழாய்ப் பேச்சு.

இந்த வேலையில் டெஃப்லான் டேப்பைச் சுற்றி வைக்காதே, ஐயா. அது சுவரில் மாட்டுகிற மரைக்கு. கைப்பிடி ஓரமாகக் கசிந்தால் அது வாஷர் கோளாறில்லை, கைப்பிடிக்கு அடியில் ஸ்பிண்டிலைச் சுற்றி இருக்கிற கிளாண்ட் நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் போதும். கால் சுற்றில் திறக்கிற புது மாடல் குழாயில் இந்த ரப்பர் வாஷரே கிடையாது. அதில் உள்ளே இருக்கிற பீங்கான் தட்டோடு ஸ்பிண்டிலையே மாற்ற வேண்டும்.

நட்டு அசையவே மாட்டேன் என்றாலோ, சுவர்ப் பைப் கூடவே சுற்றினாலோ, அத்தோடு நிறுத்திவிட்டு பிளம்பரைக் கூப்பிடு. அதில் ஒரு கௌரவக் குறைச்சலும் இல்லை.

அன்புடன்,
மாமா