காற்றும் ஒரு வில்தான்: பிக்கப் வண்டியின் முன்சக்கரத்தில் இரண்டு விதிகள்



கோலசிலாங்கூரிலிருந்து பெஸ்தாரி ஜெயா, ஈஜோக், புக்கிட் ரோத்தான் பக்கம் போகும்போது, செம்பனைக் குலை ஏற்றிய பிக்கப் வண்டிகளைப் பார்த்திருப்பீர்கள். பின்பக்கம் தாழ்ந்திருக்கும், முன்பக்கம் மூக்கைத் தூக்கியிருக்கும். இந்த வட்டாரத்துக்கும் செம்பனைக்கும் நூறாண்டுக்கு மேற்பட்ட உறவு உண்டு. மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டமான தென்னமரம் தோட்டம், 1917இல் இங்கேதான் ஹென்றி ஃபொக்கோனியே என்ற பிரெஞ்சுக்காரரால் தொடங்கப்பட்டது.

ஒரு குலை 20 கிலோ என்று வைத்துக்கொண்டால், 40 குலைகள் 800 கிலோ. அந்தப் பாரத்தோடு வண்டி செம்மண் சாலைக் குழிகளில் ஏறி இறங்க வேண்டும். இதற்காகச் சிலர் இரும்புச் சுருள்வில்லைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ரப்பர் காற்றுப்பை பொருத்துகிறார்கள். விபத்தின்போது முகத்துக்கு முன் விரியுமே, அந்தக் காற்றுப்பை அல்ல இது. வண்டியையே தாங்கி நிற்கும் பை. காற்றால் எப்படி ஒரு வண்டியைத் தாங்க முடியும்?

குருவும் உதவியாளரும்

பள்ளியில் ஹூக் விதியையும் பாயில் விதியையும் வெவ்வேறு பாடங்களாகப் படிக்கிறீர்கள். ஆனால் ராபர்ட் ஹூக், ராபர்ட் பாயிலிடம் உதவியாளராக வேலை பார்த்தவர். பாயிலின் சோதனைகளுக்குக் காற்றுப் பம்பு செய்து கொடுத்தவரும் அவரே. 1660இல் பாயில் வெளியிட்ட நூலின் தலைப்பிலேயே ‘காற்றின் வில்தன்மை’ என்ற கருத்து இருந்தது. 1662இல், வெப்பநிலை மாறாதபோது காற்றின் கன அளவு பாதியானால் அழுத்தம் இருமடங்காகும் என்று அவர் காட்டினார். 1678இல் ஹூக், வில்லை எவ்வளவு அழுத்துகிறோமோ அதே விகிதத்தில் அதன் எதிர்விசையும் கூடும் என்ற விதியை வெளியிட்டார்.

சுருள்வில் ஹூக்கின் விதிப்படி நடக்கிறது. காற்றுப்பை பாயிலின் விதிப்படி நடக்கிறது. இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்குப் போட்டே பார்த்துவிடலாம்.

கணக்கு

இன்றைய பிக்கப் வண்டிகள் பலவற்றில் முன்சக்கரத்தை மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு இரும்புக் கைகள் பிடித்திருக்கின்றன. பட்டறையில் இவற்றை அப்பர் ஆர்ம், லோவர் ஆர்ம் என்பார்கள். லோவர் ஆர்மின் ஒரு முனை வண்டிச் சட்டத்தில், மறுமுனை சக்கரத்தில். வில் நடுவில் உட்கார்ந்திருக்கிறது என்று கொள்வோம்.

ஒரு முன்சக்கரத்தின் மேல் 500 கிலோ பாரம் இருந்தால், தரை சக்கரத்தை ஏறத்தாழ 5,000 நியூட்டன் விசையுடன் மேலே தள்ளுகிறது. வில் பாதித் தூரத்தில் இருப்பதால், நெம்புகோல் விதிப்படி அது இருமடங்கு, அதாவது 10,000 நியூட்டன் தாங்க வேண்டும்.

பையின் குறுக்குப்பரப்பு 0.02 சதுர மீட்டர் என்க. அழுத்தம் = விசை ÷ பரப்பு. 10,000 ÷ 0.02 = 500,000 பாஸ்கல், அதாவது 500 கிலோபாஸ்கல். காற்றழுத்தமானி காட்டும் அளவு இது. கார் டயரில் இருப்பதைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு.

இப்போது சக்கரம் ஒரு மேட்டில் ஏறுகிறது, பை அமுங்குகிறது. பாயில் விதிக்கு வளிமண்டல அழுத்தமான 100 கிலோபாஸ்கலையும் சேர்த்து, 600 என்று எடுக்க வேண்டும். இதை மறந்தால் விடை தவறிவிடும். பையின் உயரம் முதலில் 12 செ.மீ. என்றும் பரப்பு மாறவில்லை என்றும் கொள்வோம்.

உயரம் 10 செ.மீ. ஆனால்: 600 × 12 ÷ 10 = 720. வளிமண்டலத்தைக் கழித்தால் 620. விசை 12,400 நியூட்டன்.
8 செ.மீ. ஆனால்: மொத்த அழுத்தம் 900, விசை 16,000 நியூட்டன்.
6 செ.மீ. ஆனால்: மொத்த அழுத்தம் 1,200, விசை 22,000 நியூட்டன்.

ஒவ்வொரு முறையும் 2 செ.மீ.தான் அமுங்கியது. ஆனால் விசை முதலில் 2,400, பிறகு 3,600, அதன்பிறகு 6,000 என்று கூடியது. சாதாரணச் சுருள்வில்லாக இருந்தால் ஒவ்வொரு முறையும் 2,400தான் கூடியிருக்கும். சிறிய குழியில் மென்மை, பெரிய குழியில் விறைப்பு: காற்றுப்பையின் சிறப்பு இதுதான். நிஜ வண்டியில் பை அமுங்கும்போது அதன் பரப்பும் மாறும்; வேகமாக அமுங்கினால் காற்று சூடேறி விசை இன்னும் கூடும்.

பையை மாட்டினால் போதுமா?

போதாது. பல பிக்கப் வண்டிகளில் அப்சோர்பர் முன் சுருள்வில்லின் நடுவே செல்கிறது. பைக்கு நடுவில் அப்படி வழி இல்லையென்றால், அப்சோர்பரைப் பக்கவாட்டில் வேறு பிடிமானத்துக்கு மாற்ற வேண்டும். அதை எடுத்துவிட்டு ஓட்டக்கூடாது. வில் ஆற்றலைச் சேமித்துத் திருப்பிக் கொடுக்கும். அப்சோர்பர்தான் அதை வெப்பமாக மாற்றி ஆட்டத்தை அடக்கும். அது இல்லாத வண்டி ஒரு குழியைத் தாண்டிய பிறகும் ஆடிக்கொண்டே இருக்கும்.

லோவர் ஆர்ம் வட்டவில் பாதையில் ஏறி இறங்குவதால், பை சற்றுச் சாய்ந்தே அமுங்கும். எந்த நிலையிலும் அது இரும்பில் உரசக்கூடாது. உரசினால் தேய்ந்து வெடிக்கும். வெடித்தால் அந்தப் பக்கம் சட்டென்று கீழே இறங்கும். அப்போதும் டயர் வண்டியின் உடலில் முட்டாதபடி தடுக்க ரப்பர்த் தடுப்புக் கட்டை இருக்க வேண்டும்.

இடது பைக்கும் வலது பைக்கும் தனித்தனிக் குழாய் தேவை. இரண்டையும் ஒரே குழாயில் தடையின்றி இணைத்தால், வளைவில் திரும்பும்போது பாரம் கூடிய பையிலிருந்து காற்று மறுபக்கப் பைக்கு ஓடும். வண்டி மேலும் சாயும். நம் கடலோர வட்டாரத்தின் ஈரக்காற்றை அழுத்தும்போது தொட்டியில் தண்ணீரும் சேரும். அதை அடிக்கடி வடிக்க வேண்டும்.

கண்ணை ஏமாற்றும் சமநிலை

இனி முக்கியமான விஷயம். பாரத்தைப் பின்சக்கர அச்சுக்குப் பின்னால் ஏற்றினால், ஏற்றப் பலகை போல முன்பக்கம் எழும்பும். முன்சக்கரங்களின் மேலுள்ள பாரம் குறையும். ஸ்டீயரிங் பிடிப்புக் குறையும். விளக்கொளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

முன் பைகளிலிருந்து கொஞ்சம் காற்றை விட்டால் வண்டி மட்டமாகிவிடும். பார்வைக்கு எல்லாம் சரியாகிவிட்டது போல் இருக்கும். ஆனால் முன்சக்கரங்களின் மேல் எவ்வளவு பாரம் விழுகிறது என்பதை, பாரம் வைக்கப்பட்ட இடம்தான் தீர்மானிக்கிறது. வண்டியின் உயரம் அல்ல. உயரம் மாறியதே தவிர, டயரின் பிடிப்பு திரும்பி வரவில்லை. சரியான வழி, பாரத்தை முன்னால் நகர்த்துவது அல்லது குறைப்பது.

அதுபோலவே, பை பொருத்தியதால் வண்டி கூடுதல் பாரம் தாங்கும் என்று நினைக்கக்கூடாது. பிரேக், டயர், அச்சு, சட்டம் எல்லாம் பழையவையே. உற்பத்தியாளர் குறித்த எல்லைதான் எல்லை. இத்தகைய மாற்றங்களுக்குச் சாலைப் போக்குவரத்துத் துறையான ஜேபிஜேயின் அனுமதியும் வேண்டும்.

செய்து பாருங்கள்

ஊசியில்லாத பிளாஸ்டிக் சிரிஞ்சில் 12 மில்லிலிட்டர் காற்றை இழுத்து, வாயை விரலால் அடையுங்கள். 10, 8, 6 என்று மெதுவாக அழுத்துங்கள். ஒவ்வொரு 2 மில்லிலிட்டருக்கும் கை உணரும் எதிர்ப்பு எப்படிக் கூடுகிறது?

சிந்தியுங்கள்

1. நம் கணக்கில் பையின் பரப்பு 0.03 சதுர மீட்டராக இருந்தால், தேவையான அழுத்தம் எவ்வளவு?
2. பையிலிருந்து காற்றை விட, வண்டி 3 செ.மீ. இறங்கி நிற்கிறது. பரப்பு மாறவில்லை என்றால், அழுத்தமானி ஏறத்தாழப் பழைய எண்ணையே காட்டும். ஏன்? பை தாங்க வேண்டிய விசை மாறியதா என்று முதலில் கேட்டுப் பாருங்கள். விடை தானாக வரும்.