பயிர்க்காவல் துப்பாக்கியும் பிள்ளைகளின் பயிற்சியும்

மலையடிவாரக் கிராமங்களில் நிலக்கடலை, மக்காச்சோளம், மரவள்ளி முதலியவற்றைப் பயிரிடும் குடியானவர்களுக்குக் காட்டுப்பன்றியால் நேரும் நஷ்டம் இன்னதென்று நாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. ஒரு கூட்டம் ஒரே இரவு புகுந்து போனால், விடியும்போது கிளறிய மண்ணும் முறிந்த தட்டையுமே மிஞ்சும். இதனை முன்னிட்டே 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம், மெய்யாகவே பயிர் காக்க வேண்டுவோருக்கு வாய்வழியே மருந்து கெட்டிக்கும் துப்பாக்கிக்கு லைசென்சு பெற இடங்கொடுத்திருக்கிறது. அத்தகைய துப்பாக்கியுள்ள வீடுகளில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் வளர்கின்றனர். மருந்து நமத்துப்போகாமல் வைப்பது எப்படி என்று நம்மிடம் கேட்போர் பலர். பிள்ளைக்கு இதைப்பற்றி என்ன சொல்லிக்கொடுப்பது என்று கேட்போர் மிகச் சிலர்.

பெரும்பாலான வீடுகளில் பாடம் "தொடாதே" என்ற ஒரே சொல்லில் முடிந்துவிடுகிறது. துப்பாக்கி பரண்மேல் ஏறுகிறது. சாவி பெரியவர் மடியில் இருக்கிறது. பூட்டு மிகவும் அவசியம்; மருந்தையும் ரவையையும் துப்பாக்கியோடு வையாமல் வேறிடத்தில் பூட்டி வைப்பதும் அவசியம். எனினும் வெல்லப்பானை இருக்கும் இடத்தை அறிந்த பிள்ளை சாவி இருக்கும் இடத்தையும் ஒரு நாள் அறியும். அன்றைக்கு அதனைக் காப்பது பூட்டன்று, முன்னரே பெற்ற பழக்கமே. ஆகவே பூட்டும் வேண்டும், பாடமும் வேண்டும்.

பத்து வயதுக்குட்பட்ட குழந்தைக்குச் சொல்ல வேண்டியது சிறிதே. துப்பாக்கியையோ, தோட்டாவையோ, இன்னதென்று தெரியாத உருண்டையையோ எங்கே கண்டாலும் கைவைக்கலாகாது; கூட இருக்கும் பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு விலகிவிட வேண்டும்; உடனே பெரியவரிடம் சொல்ல வேண்டும். சொல்ல வந்த பிள்ளையை "அங்கே ஏன் போனாய்?" என்று அடிப்பது பெருந்தவறு. அடிபட்ட பிள்ளை அடுத்த முறை வந்து சொல்லாது.

உருண்டை என்று நாம் சேர்த்துச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பன்றி கடித்தால் வெடிக்கும்படி தீனிக்குள் மருந்து வைத்துக் கட்டும் அவுட்டுக்காய் வரப்போரங்களில் இன்னும் கிடக்கிறது. இதனை வைப்பது குற்றம். வைத்தவனுக்கே மறுநாள் இடம் மறந்துபோவதும் உண்டு. 2020ஆம் ஆண்டு மே மாதத்தில் பாலக்காட்டுப் பக்கத்தில் வெடி வைத்த பழத்தைக் கடித்த சூல் யானை ஆற்றில் நின்றபடியே மாண்டதை எல்லாரும் அறிவர். அடுத்த மாதமே திருச்சிராப்பள்ளி மாவட்டத்தில், மீன் பிடிக்க வாங்கி மிஞ்சிய வெடியைத் தின்பண்டம் என்று கடித்த ஆறு வயதுச் சிறுவன் இறந்துபோனான். யானைக்காக நாடெங்கும் பேசினார்கள். சிறுவனைப் பற்றிப் பேசினவர் குறைவு. அவுட்டுக்காய் வைக்கும் ஆளைத் தெரிந்திருந்தும் அயலான் என்று சும்மா இருக்கும் நிலக்காரர், தம் வீட்டுப் பிள்ளை நடக்கும் வரப்பும் அதுவே என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பன்னிரண்டு, பதின்மூன்று வயதான பிள்ளைக்குத் துப்பாக்கியின் உறுப்புக்களைப் பகல் வெளிச்சத்தில், பெரியவர் கையில் வைத்துக்கொண்டே காட்டலாம். குழல் இது, விசை இது, குதிரை இது, மருந்து தங்கும் இடம் இது என்று காட்டினால் பாதி ஆசை அப்போதே தணியும். கற்பிப்பது சுடுவதற்கன்று. 21 வயது நிரம்பாதவர் துப்பாக்கியை வைத்திருப்பதற்கோ எடுத்துச் செல்வதற்கோ சட்டம் இடங்கொடாது. விதிகளின்படி மேற்பார்வையில் நடக்கும் பயிற்சிக்கு மாத்திரமே விலக்கு உண்டு. காவற்பரணிலிருந்து இறங்கும் தகப்பன், கீழே நிற்கும் மகனிடம் "பிடியடா" என்று துப்பாக்கியை நீட்டுவது அவ்விலக்கில் அடங்காது. பரண் ஏறும்போதும், வேலி தாண்டும்போதும், வாய்க்கால் குதிக்கும்போதும் கெட்டித்த துப்பாக்கி ஒருவர் கையிலும் இருத்தல் கூடாது.

வாய்வழித் துப்பாக்கியில் ஒரு தனி அபாயம் உண்டு. தோட்டாத் துப்பாக்கியைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பது தெரிந்துவிடும். இதனுள் மருந்து இருப்பது கண்ணுக்குத் தெரியாது. உலர்ந்திருக்கும் கருமருந்து பல வருஷம் கழித்தும் வெடிக்கும். இதற்கு நல்ல உபாயம் ஒன்று இருக்கிறது. குழல் வெறுமையாயிருக்கும்போது கெட்டிக்கும் கோலை அடிமுட்ட விட்டு, குழல்வாய் மட்டத்தில் கோலின்மேல் ஒரு கோடு கீறிவைக்க வேண்டும். பிறகு எப்போது சோதித்தாலும், கோடு வாய் மட்டத்தில் நின்றால் உள்ளே ஒன்றுமில்லை. சில விரற்கடை மேலே நின்றால் மருந்தும் தக்கையும் உள்ளே இருக்கின்றன. சோதிக்கும்போது முகத்தையோ உள்ளங்கையையோ குழல்வாய்க்கு நேரே வைக்கலாகாது. பெரியவர் ஒவ்வொரு முறையும் இவ்விதம் சோதிப்பதைப் பிள்ளை பார்த்துக்கொண்டிருந்தால் அதுவே போதனை. வேறெந்த வழக்கத்தை விட்டாலும் இதை விடலாகாதென்பது நமது அபிப்பிராயம்.

ரவை போடாத வெறும் வேட்டு தீங்கற்றது என்று எண்ணுவதும் பிசகு. அருகில் நிற்பவர்மேல் தக்கையும் தீயும் பாய்ந்தால் உயிர்ச்சேதம் நேரலாம். திருமணத்திலும் திருவிழாவிலும் சந்தோஷத்துக்காகச் சுடுவதை 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் தனிக் குற்றமாகவே வைத்து, இரண்டு வருஷம் வரை சிறையோ, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதித்திருக்கிறது. பறவை சுடும் சிறு ரவையும் ஏறக்குறைய 200 மீட்டர் போகவல்லது. அந்தத் தூரத்துக்குள் களையெடுப்பவர் யார், மாடு மேய்ப்பவர் யார் என்று பார்க்கப் பிள்ளைக்குப் பழக்க வேண்டும்.

நாம் சுற்றுப்பயணத்தில் கண்ட ஒரு முதியவர், தம் பேரனுக்கு ஒரு வருஷம் வரையில் மூங்கிற்கழி ஒன்றையே கொடுத்து உடன் அழைத்துச் சென்றார். கழியின் முனை மனிதன் பக்கமோ மாட்டின் பக்கமோ திரும்பினால் அன்றைக்குக் கழி பறிபோகும். "தாத்தா, இது வெறும் கழிதானே?" என்று பையன் கேட்டதற்கு, "கழியில் வராத பழக்கம் இரும்பில் எங்கிருந்தப்பா வரும்?" என்றார். அந்தப் பையன் கழியோடு நடந்த வருஷத்தில் கற்றது வேறொன்றும் உண்டு. விடியற்காலையில் ஈரமண்ணைப் பார்த்து, வந்தது பன்றியா, முள்ளம்பன்றியா, மானா, எந்த ஓடை வழியே வந்து எங்கே வேலியை நுழைந்தது என்று சொல்லக் கற்றிருந்தான். அவன் காட்டிய இடத்தில் வேலியை அடைத்த பின் அந்தப் பட்டத்தில் வேட்டுக்கு வேலை குறைந்ததாக முதியவர் சொன்னார்.

இக்காலத்தில் சிறுவர் கையில் எளிதில் சேர்வது ஏர்கன். விசை குறைந்தவற்றுக்கு லைசென்சு வேண்டாமையால் அதை விளையாட்டுப் பொருளென்றே வாங்கிக் கொடுக்கின்றனர். கண்ணைப் பறிக்க அதன் சிறு குண்டே போதும். மேலும் அதற்கு இரையாவது நமக்கு உழைக்கும் பறவைகளே. உழவின் பின்னே மைனா புழு பொறுக்குகிறது. கரிச்சான் வயற்கழியில் அமர்ந்து பூச்சி பிடிக்கிறது. கூகை இரவெல்லாம் எலி வேட்டையாடுகிறது. எலிக்கு மருந்து வைக்கச் செலவிடும் வீட்டிலேயே கூகையைச் சுட்ட பையனை மெச்சுவது என்ன கணக்கோ தெரியவில்லை. அருணாசலப் பிரதேசத்தில் 2021ஆம் ஆண்டு ஏர்கன்களைத் தாமாகவே ஒப்படைக்கும் இயக்கம் தொடங்கப்பட்டு, பல கிராமத்தார் கொண்டுவந்து கொடுத்தனர்.

துப்பாக்கி லைசென்சு என்பது விலங்கைக் கொல்ல அனுமதியன்று என்பதையும் பிள்ளைகள் அறிய வேண்டும். 1972ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேறு, ஆயுதச் சட்டம் வேறு. 2025 ஜனவரியில் தமிழ்நாட்டில் வகுத்த முறைப்படியும், பயிரழிக்கும் பன்றியைக் காப்புக்காட்டிலிருந்து 3 கிலோமீட்டருக்கு அப்பால் சுடுவது பயிற்சிபெற்ற வனத்துறையாரின் வேலையே. நிலக்காரர் செய்யத்தக்கது நஷ்டத்தை உடனே எழுதிக் கொடுப்பது.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு வார்த்தை. லைசென்சுதாரர் காலமானால் துப்பாக்கி அதே பரணில் வருஷக்கணக்காய்த் தங்கிவிடுகிறது. வாரிசுகளுக்கு அது தாத்தா நினைவு, பேரப்பிள்ளைகளுக்கு அது புதையல். ஆயுதச் சட்டம் 21ஆம் பிரிவின்படி அதைத் தாமதமின்றிப் போலீஸ் நிலையத்திலோ லைசென்சு பெற்ற வியாபாரியிடமோ ஒப்படைத்து இரசீது பெற வேண்டும். முறைப்படி லைசென்சு பெறும் வாரிசு பின்னர் அதைக் கேட்டுப் பெறலாம். மரணத்தைப் பதியும்போதே இதை விசாரித்தல் நலம். பெரியவர் கடைசியாக எப்போது கெட்டித்தார் என்று அவ்வீட்டில் ஒருவருக்கும் தெரிந்திராது. ஆதலால் கோலிட்டுப் பார்க்கத் தெரியாதவர் அதைப் பரணிலிருந்து இறக்காமல், பிள்ளைகளை அப்புறப்படுத்தி, அறையைப் பூட்டிக்கொண்டு, நிலையத்துக்குச் சொல்லியனுப்ப வேண்டும்.